காட்டுத்தீக் காலத்தில் தகவல் நிலையத்தாருக்குக் குடியானவர் செய்யத்தக்க உதவி

காட்டில் தீப்பற்றினால் அதனோடு போராடுபவர் யாவர் என்று கேட்டால், தீயணைப்புப் படையினர், வனக்காவலர், அக்கம்பக்கத்துக் கிராமத்தார் என்று எவரும் விடை கூறுவர். இவர்கள் எல்லோருக்கும் முன்பாகத் தீயை எதிர்கொள்பவர் வேறொருவர் உண்டு. அவர் தீயைக் கண்ணால் காண்பதில்லை; அதன் வெப்பமும் அவரைத் தீண்டுவதில்லை. பல மைல்களுக்கு அப்பால் ஓர் அறையில் அமர்ந்து, டெலிபோனில் வரும் குரல்களை மட்டும் கொண்டு, தீ எங்கே, எவ்வளவு, எத்திசையில் செல்கிறது என்பதை அவர் ஊகித்தறிய வேண்டும். அறிந்த பிறகு எந்த வண்டியை எந்தப் பாதையில் அனுப்புவது என்பதையும் சில நிமிஷங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அவசரத் தகவல் நிலையத்தின் ஊழியர் என்பவர் இவரே.

இவரது வேலை எவ்வளவு தூரம் ஒழுங்காக நடைபெறுகிறதோ அவ்வளவு தூரமே மற்றவர்களுடைய உழைப்பும் பயன்படும். பத்து வண்டிகள் தயாராக நின்றாலும், தவறான ஊருக்கு ஏவப்பட்டால் ஒன்றும் இல்லாததற்குச் சமம். ஆதலால் இந்நிலையங்களில் நடப்பது என்ன, பெருந்தீயின்போது அவை திணறுவது ஏன், காட்டோரத்தில் நிலம் வைத்திருப்போரும் கிராம அதிகாரிகளும் அவற்றுக்கு எவ்விதம் துணை செய்யலாம் என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

நிலையத்தில் நடக்கும் வேலை

தகவல் நிலையத்து வேலை இரு கூறாக உள்ளது. அழைப்பை ஏற்று விவரம் வாங்குவது ஒன்று. வாங்கிய விவரத்தைக் கொண்டு படையை ஏவி, ஏவிய படையோடு ரேடியோவில் தொடர்பு வைத்திருப்பது மற்றொன்று. பெரிய நிலையங்களில் இவற்றுக்குத் தனித்தனி ஆட்கள் இருப்பர். சிறிய நிலையங்களில் ஒருவரே ஒரு காதில் டெலிபோனும் மறு காதில் ரேடியோவுமாக இரண்டையும் செய்வதுண்டு.

அழைப்பை ஏற்பவர் முதலில் கேட்பது இடம். அழைப்பவருக்கு இது சில சமயம் எரிச்சலை உண்டாக்கும். "வீடு எரிகிறது என்று சொல்லுகிறேன், ஊர் பேரைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறாரே!" என்று கோபிப்பவர் பலர். ஆனால் பேச்சு நடுவில் அறுந்து போனாலும் இடம் தெரிந்திருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். மற்ற விவரமெல்லாம் தெரிந்து இடம் தெரியாவிட்டால் எதுவும் செய்வதற்கில்லை. இடத்தைக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது இவ்வேலையின் முதல் விதி.

கேள்விகள் நடந்து கொண்டிருப்பதால் வண்டி தாமதமாகிறது என்று எண்ணுவதும் சரியன்று. பெரிய நிலையங்களில் இடமும் ஆபத்தின் தன்மையும் தெரிந்தவுடனே படையை ஏவுபவருக்கு அவ்விவரம் போய்விடும். மேற்கொண்டு கேட்கப்படும் கேள்விகளின் விடைகள், வழியில் சென்றுகொண்டிருக்கும் வண்டிக்கு ரேடியோ மூலம் சொல்லப்படும். ஆகையால் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை கூறுவது வண்டியை நிறுத்தி வைப்பதாகாது. அதன் கண்ணைத் திறந்து விடுவதாகும்.

விக்டோரியாவில் நேர்ந்த அனுபவம்

இவ்விஷயத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விக்டோரியா மாநிலத்தின் அனுபவம் கவனிக்கத் தக்கது. அங்கே கிராமப்புறத் தீயணைப்பு வேலையை 1945ஆம் வருஷம் முதல் கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி என்னும் ஸ்தாபனம் செய்து வருகிறது. அதன் ஆட்களில் மிகப் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். கோதுமை விளைப்போர், ஆடு வளர்ப்போர், பால் மாடு வைத்திருப்போர் எனக் குடியானவர்கள் பலர் அதில் சேர்ந்திருக்கிறார்கள். 1939ஆம் வருஷம் ஜனவரி 13ஆம் தேதி உச்சநிலையடைந்த காட்டுத்தீயில் 71 பேர் மாண்ட பிறகு நடந்த விசாரணையே இந்த ஸ்தாபனம் தோன்றுவதற்கு அடிகோலியது.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும், 2009ஆம் வருஷம் பிப்ரவரி 7ஆம் தேதி சனிக்கிழமையன்று அம்மாநிலத்தில் 173 பேர் தீயில் மாண்டனர். 2,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சுமார் 4,50,000 ஹெக்டேர் நிலம் எரிந்தது. அன்று மெல்போர்ன் நகரில் உஷ்ணம் 46.4 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. சிலவிடங்களில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. பல வருஷங்களாக மழை குறைந்து புல்லும் புதரும் காய்ந்து கிடந்தன.

முற்பகல் 11.45 மணிக்குச் சற்றுப் பின்னர், கில்மோர் ஈஸ்ட் என்னுமிடத்தில் மின்சாரக் கம்பி ஒன்று அறுந்து, அதனால் தீ உண்டாயிற்று. வடக்கிலிருந்து வீசிய வெப்பக் காற்று அதைத் தென்கிழக்காக நீண்ட பட்டையைப் போல ஓட்டிச் சென்றது. அந்தி நேரத்தில் காற்று தென்மேற்காகத் திரும்பியது. அதுவரை பக்கவாட்டாக இருந்த நீண்ட ஓரம் முழுவதும் ஒரே கணத்தில் தீயின் முகமாயிற்று. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் மாண்டனர்.

அங்கே அவசர அழைப்புக்குரிய இலக்கம் மூன்று பூஜ்யங்கள். அழைப்பை முதலில் டெலிபோன் கம்பெனியின் ஊழியர் ஏற்று, போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்டு, அந்தந்த இலாகாவுக்காக ஏவுதல் வேலை செய்யும் ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுப்பார். சாதாரண நாட்களில் இம்மாற்றம் சில விநாடிகளில் முடிந்துவிடும். அன்று இரண்டாம் நிலையில் அழைப்பை ஏற்க ஆள் ஒழியாததால், முதல் நிலையில் பேசியவர்கள் அழைத்தவரை விட்டுவிடவும் முடியாமல், மேலே அனுப்பவும் முடியாமல் காத்திருக்க நேர்ந்தது. தீ பற்றிய விவரம் கூறுவதற்கென்று தனியாக வைக்கப்பட்டிருந்த டெலிபோன் இலக்கமும் அழைப்புகளால் நிரம்பி, பல அழைப்புகள் ஏற்பாரின்றிப் போயின. அங்கு விடை கிடைக்காதவர்கள் அவசர இலக்கத்தையே அழைக்கலாயினர். இவ்வாறு ஒரு வாய்க்கால் அடைபட்டபோது அதன் நீர் மற்றொரு வாய்க்காலில் பாய்ந்து அதன் கரையையும் உடைத்தது.

இவற்றையெல்லாம் விசாரிக்க நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையில் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன் 2010ஆம் வருஷம் ஜூலையில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதில் 67 சிபார்சுகள் அடங்கியிருந்தன.

நிலையம் திணறுவதன் காரணம்

தகவல் நிலையத்தைக் கிணற்று நீரிறைப்போடு ஒப்பிடலாம். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் ஒரே ஏற்றந்தான். ஆனால் கோடையில் எல்லாப் பாத்தியும் ஒரே சமயத்தில் தண்ணீர் கேட்கும். உதாரணமாக, ஒரு நிலையத்தில் அழைப்பை ஏற்பவர் ஆறு பேர் என்றும், ஓர் அழைப்புக்கு இரண்டு நிமிஷம் செல்லுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவர் மணிக்கு 30 அழைப்பு வீதம் ஆறு பேரும் 180 அழைப்புகளை ஏற்கலாம். பெருந்தீ கண்டு ஒரு மணியில் 300 அழைப்புகள் வந்தால் 120 பேர் காத்திருக்க வேண்டியதுதான். அந்த 120 பேரில், புகை தெரிகிறது என்று மட்டும் சொல்ல வந்தவரும் இருப்பர். கூரையில் தீப்பொறி விழுந்து குழந்தைகளோடு உள்ளே அகப்பட்டவரும் இருப்பர். ஏற்பவருக்கு எந்த மணி யாருடையது என்பது எடுத்துக் கேட்கும் வரையில் தெரியாது.

இப்பொழுது ஒவ்வோர் அழைப்பும் இரண்டு நிமிஷத்துக்குப் பதிலாக ஒன்றரை நிமிஷத்தில் முடிகிறது என்று கொள்வோம். அதே ஆறு பேர் 240 அழைப்புகளை ஏற்றுவிடுவர். கூடுதலாக ஓர் ஊழியரையும் வேலைக்கு வைக்காமல், அழைப்பவர்கள் விவரமாகவும் சுருக்கமாகவும் பேசிய ஒரே காரணத்தால், 60 பேருக்கு ஒரு மணிக்குள் விடை கிடைத்துவிடுகிறது. குடியானவர் செய்யத்தக்க உதவியின் அளவு இக்கணக்கிலிருந்து விளங்கும்.

கூட்டம் மட்டுமல்லாமல் வேறு இரண்டு கஷ்டங்களும் உண்டு. முதலாவது, ஒரே தீயைப் பற்றிப் பல திசைகளிலிருந்து பலர் அழைப்பது. கிழக்கே இருப்பவர் "மலைக்குப் பின்னால் தீ" என்பார். மேற்கே இருப்பவர் "மலைக்கு முன்னால்" என்பார். இரண்டும் ஒரே தீயா, இரு தீயா என்று நிலையத்தார் ஆராய வேண்டும். ஒன்றென்று எண்ணி இரண்டாவதை விட்டுவிட்டால் ஓர் ஊர் அழியக்கூடும். விக்டோரியாவில் அன்று எரியும் பட்டைகள் காற்றில் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று புதிதாகத் தீ மூட்டின என்பதைக் கொண்டு இதன் அபாயத்தை அறியலாம். இரண்டாவது, நிலையத்துக்குக் கிடைத்த விவரம் மிக விரைவில் பழசாகிவிடுவது. மலைச் சரிவில் தீ மேல் நோக்கி ஏறும்போது, சரிவு ஒவ்வொரு 10 டிகிரி அதிகமாகும்போதும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். சமதரையில் மணிக்கு 2 கிலோமீட்டர் செல்லும் தீ, 10 டிகிரிச் சரிவில் 4 கிலோமீட்டரும், 20 டிகிரிச் சரிவில் 8 கிலோமீட்டரும் செல்லும். அரை மணிக்கு முன் ஓடைக்கு அப்பால் இருந்த தீ இப்போது தோப்புக்குள் இருக்கலாம். ஆகையால் நிலையத்துக்கு முதல் தகவலைப் போலவே அடுத்தடுத்த தகவலும் தேவை.

பிற்காலத்து ஏற்பாடுகள்

2009ஆம் வருஷத்துக்குப் பின் விக்டோரியாவில் செய்யப்பட்ட மாறுதல்களில் மூன்று இங்கே குறிப்பிடத் தக்கவை. முதலாவது, ஜனங்கள் அழைப்பதற்கு முன்பே அவர்களை எச்சரிப்பது. 2009ஆம் வருஷம் டிசம்பர் முதல், ஆபத்திலுள்ள பிரதேசத்தின் டெலிபோன்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் முறை ஏற்பட்டது. என்ன செய்வது என்று கேட்பதற்காக அவசர இலக்கத்தை அழைப்போர் தொகை இதனால் குறையும். இரண்டாவது, விவரம் கேட்பதற்கும் உதவி கேட்பதற்கும் வாயில்களைப் பிரித்து வைப்பது. இன்று அம்மாநிலத்தில் எல்லாவித ஆபத்துக்கும் பொதுவான தகவல் இணையதளமும் டெலிபோன் இலக்கமும் உள்ளன. மூன்றாவது, தீ அபாயம் மிக்க நாட்களை முன்னதாகவே தரம் பிரித்து அறிவிப்பது. அத்தகைய நாட்களில் நிலையங்களிலும் கூடுதலான ஆட்களை வைத்துக்கொள்ள இது வழி செய்கிறது.

அமெரிக்காவில் வேறொரு முறையும் வழக்கத்தில் இருக்கிறது. பெரிய ஆபத்து நேர்ந்த பிரதேசத்தின் நிலையத்துக்கு, வேறு பிரதேசங்களின் நிலையங்களிலிருந்து பயிற்சி பெற்ற ஊழியர்களைக் குழுவாக அனுப்புவது அம்முறை. 2005ஆம் வருஷத்தில் கத்ரீனா சூறாவளியின் பின் இத்தகைய குழுக்கள் சென்று, ஓய்வின்றி உழைத்தவர்களை விடுவித்தன. தீயணைக்க வண்டி அனுப்பும் அண்டை ஊர், டெலிபோன் ஏற்க ஆளும் அனுப்பலாம் என்னும் இவ்வெண்ணம் எளியது. ஆயினும் மிகவும் பயன் தரத் தக்கது.

ஊழியரின் உடலும் உள்ளமும்

அறையில் உட்கார்ந்து பேசுபவருக்கு என்ன சிரமம் என்று சிலர் நினைக்கலாம். தீயணைப்பவர் வியர்வை சிந்துவதை எல்லோரும் காண்கிறார்கள். நிலையத்தில் இருப்பவர் கேட்பதை ஒருவரும் கேட்பதில்லை. தப்ப வழியில்லாத ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, இவர் அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருக்க, நடுவில் குரல் நின்று போவதுண்டு. அதன் பின் அவர் பிழைத்தாரா, மாண்டாரா என்பது இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இராது. அடுத்த மணி அடித்துக் கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் இவ்வேலையிலுள்ள 171 பேரிடம் செய்த ஆராய்ச்சியொன்று 2012ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. ஆபத்து நடக்கும் இடத்தில் நேரில் இல்லாமலேயே, கேட்பதாலும் பொறுப்பாலும் இவர்களுடைய உள்ளம் கடுமையாகப் பாதிக்கப்படக் கூடும் என்பதை அது எடுத்துக் காட்டியது. அதிலும் காட்டுத்தீக் காலத்தில் இன்னொரு கஷ்டம் சேர்கிறது. ஊழியர் பெரும்பாலும் அதே பிரதேசத்தைச் சேர்ந்தவர். தம் வீட்டுத் தெருவின் பெயரை அழைப்பவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டே, தாம் எழுந்து போக முடியாமல் வேலை செய்ய வேண்டியவர்.

ஆகவே நிலையத்தை நடத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சில மணிக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு வெளியே சென்றுவரச் செய்ய வேண்டும். வேளைக்குச் சாப்பாடும் குடிநீரும் இருக்கும் இடத்துக்கே வர வேண்டும். ஊழியரின் குடும்பத்தார் பத்திரமாக இருக்கிறார்களா என்பதை வேறொருவர் விசாரித்து அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கொடிய அழைப்பொன்றை முடித்தவரை உடனே அடுத்ததற்கு இழுக்காமல் சிறிது நேரம் விலக்கி வைக்க வேண்டும். தீ அணைந்த பிறகு எல்லோரையும் கூட்டி, அவரவர் ஏற்ற அழைப்புகளின் முடிவு என்னவாயிற்று என்று சொல்லுவது மிகவும் முக்கியம். நல்ல முடிவைக் கேட்டவர் ஆறுதலடைவார். கெட்ட முடிவேயாயினும் தெரியாமல் தவிப்பதைவிடத் தெரிந்து துயருறுவது மேல்.

நம் மலையடிவாரக் கிராமங்களின் நிலை

இந்நாட்டில் காட்டுத்தீயின் காலம் பெரும்பாலும் மாசி முதல் வைகாசி வரையில் ஆகும். 2018ஆம் வருஷம் மார்ச் 11ஆம் தேதி தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறச் சென்றிருந்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, பாதையின்மை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் தீ எவ்வளவு விரைவில் மனிதரைச் சூழும் என்பதையும், அங்கே உதவி போய்ச் சேர்வது எவ்வளவு கடினம் என்பதையும் அச்சம்பவம் காட்டிற்று. அத்தகைய சரிவுகளின் அடியிலேயே குடியானவரின் தென்னந்தோப்பும், மாந்தோப்பும், மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக் கோள்களின் மூலம் காட்டுத்தீயைக் கண்டு, செல்போனில் செய்தி அனுப்புகிறது. பெயரைப் பதிவு செய்துகொள்ளும் எவரும் இச்செய்தியைப் பெறலாம். இது பெரிய நன்மையே. ஆயினும் செயற்கைக் கோள் நாளொன்றுக்குச் சில தடவைகளே ஒரு பிரதேசத்தின் மேல் கடந்து செல்லும். இரு தடவைகளுக்கு இடையே மூண்ட தீயை அது உடனே காணாது; புகையும் மேகமும் மறைத்தாலும் காணாது. அதன் நுண்மையான கருவிக்கும் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர் அளவுள்ளது. வரப்பில் நின்று காணும் குடியானவரின் கண்ணுக்கும், அவர் கையிலுள்ள செல்போனுக்கும் ஈடான கருவி இன்னும் வரவில்லை.

எல்லா அவசரத்துக்கும் பொதுவான இலக்கம் 112. தீயணைப்பு நிலையத்துக்கு 101. தம்முடைய டெலிபோன் கம்பெனியின் கோபுரம் எட்டாத இடத்திலும், வேறு கம்பெனியின் கோபுரம் எட்டுமானால் 112க்கு அழைப்பு பெரும்பாலும் செல்லும். மாநில எல்லையோரக் கிராமங்களில் அழைப்பு அண்டை மாநிலத்தின் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. ஆகையால் எல்லையோரத்தார் மாநிலத்தையும் ஜில்லாவையும் முதலிலேயே கூற வேண்டும்.

அழைப்பவர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இடம். புதூர், மேலூர், பட்டி என்னும் பெயருடைய ஊர்கள் பல தாலுகாக்களில் உள்ளன. ஊரின் பெயரோடு தாலுகாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டாதாரர்கள் சர்வே நம்பரைச் சொல்வது வழக்கம். கிராமக் கணக்குக்கு அது உதவும். வண்டி ஓட்டுபவருக்கு உதவாது. எந்தச் சாலையில் எத்தனையாவது கிலோமீட்டர்க் கல், எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், அங்கிருந்து வலமா இடமா என்று சொல்ல வேண்டும். தாம் நிற்கும் இடம் வேறு, தீ இருக்கும் இடம் வேறு என்றால் அதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எரிவது என்ன, எவ்வளவு. புல்லா, புதரா, பெருமரமா, வைக்கோற்போரா என்று கூற வேண்டும். "பெருந்தீ" என்பது அளவாகாது. "இரண்டு ஏக்கர் இருக்கும்", "சுடர் பனைமரத்தின் பாதி உயரம் எழும்புகிறது" என்பவை அளவாகும்.

மூன்றாவது, காற்று. "வடக்குக் காற்று" என்று மட்டும் சொன்னால் வடக்கிலிருந்து வருவதா, வடக்கே போவதா என்ற ஐயம் எழும். "தீ மேற்கிலிருந்து கிழக்கே, இன்ன ஊரை நோக்கிப் போகிறது" என்று சொல்வதே உத்தமம்.

நான்காவது, உயிர். மனிதர் எவரேனும் அகப்பட்டிருக்கிறார்களா, எத்தனை பேர், நடக்க இயலாதவர் உண்டா என்பதைத் தெரிவிக்க வேண்டும். கட்டுத்தறியில் கால்நடை உண்டென்றால் அதையும் சொல்லலாம். ஆனால் நிலையத்தார் சொல்லும் வரை காத்திராமல் கயிற்றை அவிழ்த்து விட்டுவிட வேண்டும்.

ஐந்தாவது, பாதையும் நீரும். லாரி போகுமா, டிராக்டர் மட்டும் போகுமா, பாலம் கனம் தாங்குமா, மோட்டார் ஓடும் கிணறோ நீருள்ள குட்டையோ எவ்வளவு அருகில் என்பவை படையின் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

இவற்றைச் சொல்லிய பின், நிலையத்தார் முடிக்கச் சொல்லும் வரையில் டெலிபோனை வைக்கலாகாது. வைத்த பிறகு, அவர்கள் திரும்ப அழைக்கக்கூடுமாதலால், அதே டெலிபோனில் உறவினரோடு பேசிக்கொண்டிருக்கலாகாது. சாலை பிரியும் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, வரும் வண்டிக்கு வழிகாட்டச் செய்ய வேண்டும். தீ திசை மாறினாலோ, வேறிடத்தில் புதிதாகப் பற்றினாலோ மறுபடி அழைப்பது கடமை. ஒன்றும் மாறாதபோது, "வண்டி இன்னும் வரவில்லையா?" என்று பத்துப் பேர் தனித்தனியே அழைப்பது, வேறெங்கோ தவிக்கும் பத்துப் பேரின் வாயை அடைப்பதாகும். ஆனால் யாராவது சொல்லியிருப்பார் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவதும் கேடாகவே முடியும். ஐயமிருந்தால் ஒரு முறை அழைத்துவிட வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

கோடை தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், கிராம உதவியாளர் ஆகியோர் கூடி ஒரு பட்டியல் தயாரிக்கலாம். காட்டை ஒட்டிய குக்கிராமங்கள், அவற்றின் வழக்குப் பெயர்கள், லாரி செல்லும் பாதைகள், கோடையிலும் வற்றாத கிணறுகளும் குளங்களும், டிராக்டரும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருப்போர், தனியே வசிக்கும் முதியோர் ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அரசாங்கப் பதிவில் ஒரு பெயரும் ஜனங்களின் பேச்சில் வேறு பெயரும் கொண்ட ஊர்கள் பல. அப்பெயர் தகவல் நிலையத்தின் பட்டியலில் இல்லாவிட்டால், அழைப்பவர் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் வீணே. பட்டியலின் பிரதிகளை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும், வனச்சரக அலுவலகத்துக்கும், தாலுகா அலுவலகத்துக்கும் அனுப்பி வைப்பது நன்று.

தீ நேர்ந்தபோது ஊருக்கு ஒருவரைச் செய்தியாளராக நியமித்துக்கொள்ள வேண்டும். ஊரார் தாம் கண்டதை அவரிடம் சொல்ல, அவர் தொகுத்து நிலையத்துக்குத் தெரிவிப்பார். நிலையத்தார் சொல்வதையும் அவரே ஊராருக்கு அறிவிப்பார். உயிருக்கு உடனடி ஆபத்திலுள்ளவர் மட்டும் அவருக்காகக் காத்திராமல் நேரே அழைக்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கி, தண்டோரா ஆகியவற்றால் ஊராருக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தால், விவரம் கேட்பதற்காக மட்டும் நிலையத்தை அழைப்பவர் தொகை தானே குறையும். உண்மை அறியாத செய்திகளைச் செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்புவதையும் தடுக்க வேண்டும். "அடுத்த ஊர் எரிந்துவிட்டது" என்னும் ஒரு வதந்தி நூறு அழைப்புகளைப் பெற்றெடுக்கும்.

நிலத்தில் தீ மூட்டுவோருக்கு

கரும்புச் சோகையையும், வரப்புப் புல்லையும், தோப்புச் சருகையும் எரிக்கும் வழக்கம் இன்னும் பலவிடங்களில் இருந்து வருகிறது. சோகையைப் பார்களுக்கு இடையே பரப்பி விட்டால் ஈரம் காக்கப்படும்; களை குறையும்; மக்கி மண்ணுக்கு உரமுமாகும். எரிப்பதால் இம்மூன்றும் இழக்கப்படுவதோடு, காற்று மாறினால் காடும் பற்றும். ஆகையால் எரியாதிருப்பதே சிறந்தது.

விக்டோரியாவில், தன் நிலத்தில் குப்பை எரிக்கும் விவசாயி முன்னதாகத் தன் பெயர், இடம், நேரம் ஆகியவற்றைத் தெரிவித்துப் பதிவு செய்துகொள்கிறார். அவ்விடத்தில் புகை கண்டு பிறர் அழைத்தால், இது இன்னார் மூட்டியது என்று நிலையத்தார் உடனே அறிந்துகொள்வர். வண்டிகள் வீணே ஓடுவதில்லை. நம் நாட்டிலும், களத்துமேட்டில் எதையேனும் எரித்தே தீர வேண்டிய நிலை வந்தால், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் வனக்காவலருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. சொல்லாமல் மூட்டிய சிறு நெருப்பைத் தேடிப் படை கிழக்கே போயிருக்க, மேற்கே உண்மையான தீ ஊரைச் சூழ்ந்தால், அந்த நஷ்டத்தை எந்த நிவாரணத் தொகையும் ஈடு செய்யாது.

மேற்சொன்னவற்றில் செலவு பிடிப்பது ஏதுமில்லை. ஒரு சிறு அட்டையில் ஊர், தாலுகா, அருகிலுள்ள சாலையும் கிலோமீட்டர்க் கல்லும், வற்றாத கிணறு, 112, 101 என்னும் இலக்கங்கள் ஆகியவற்றை எழுதி, வீட்டுக் கதவின் உட்புறத்திலும், பம்ப் செட் அறையிலும், பள்ளிக்கூடத்திலும் ஒட்டி வைக்கலாம். பதற்றத்தில் சொந்த ஊரின் பெயரையே மறந்து தடுமாறியவர்கள் உண்டு. அட்டையைப் பார்த்து ஒரு சிறு பெண் வாசித்தாலும் போதும். மறுமுனையில் இருப்பவர் மற்றதைச் செய்வார்.